நல்லவேளை, அந்தச் சிலைகள் வரவில்லை

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஓபன் என்றொரு துறைமுக ஊர். மல் தீவுக்குக் கப்பல் ஏற வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்தால், ஊருக்கு மேலே குன்றின் உச்சியில் ரோமாபுரியின் கொலோசியத்தைப் போல ஒரு கருங்கல் வளையம் தெரியும். சுற்றளவு ஏறக்குறைய 200 மீட்டர். கீழ்வரிசையில் 44, மேல்வரிசையில் 50 என மொத்தம் 94 கூர்வளைவுச் சாளரங்கள். உள்ளே கூரையுமில்லை, கூடமுமில்லை. மெக்கேய்க்கின் வீண்வேலை என்று ஊராரே கேலிப்பெயர் வைத்துவிட்டார்கள்.

ஜான் ஸ்டூவர்ட் மெக்கேய்க் வங்கி நடத்திய பணக்காரர். தாமே வரைபடம் போட்டு 1897-இல் கட்டத் தொடங்கினார். குளிர்காலத்தில் வேலையில்லாமல் தவித்த கல்தச்சர்களுக்குக் கூலி கொடுக்கத்தான் கட்டினார் என்று சொல்லி அவரைக் காப்பாற்றுகிறவர்கள் உண்டு. கூலி கிடைத்தது உண்மைதான். ஆனால் கூலி கொடுப்பது மட்டுமே நோக்கமென்றால் ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருக்கலாமே! குடும்பப் பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆசைதான் முதலில். தருமம் அதற்குப் பின்னால்தான்.

1902-இல் அவர் இறந்தார். வேலை வெளிச்சுவரோடு நின்றது. அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. தம் நிலபுலன்களின் வருமானத்தைக் கொண்டு கோபுரங்களும், குடும்பத்தார் சிலைகளும் எழுப்ப வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். சகோதரி கேத்தரின் வழக்குத் தொடுத்தார். எவருக்கும் பயன்படாத இந்த ஏற்பாடு செல்லாது என்று 1907-இல் எடின்பரோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வென்ற அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? தம் பெற்றோருக்கும் அவர்களுடைய ஒன்பது பிள்ளைகளுக்கும் அந்த வளையத்துக்குள் பதினொரு வெண்கலச் சிலைகள் வைக்கும்படி, ஒவ்வொன்றும் ஆயிரம் பவுண்டுக்குக் குறையக் கூடாது என்ற நிபந்தனையோடு, தாமே ஓர் உயில் எழுதி வைத்தார்! 1915-இல் அதையும் நீதிமன்றம் தள்ளிவிட்டது.

சம்பாதித்தவர் விருப்பம், அதில் நீதிமன்றம் ஏன் தலையிட வேண்டும் என்று கேட்கலாம். உயிரோடு இருக்கும்வரை எப்படி வேண்டுமானாலும் செலவழிக்கட்டும். இறந்த பிறகும் ஒரு சொத்தின் வருமானம் முழுவதையும் தன் முகத்தை வார்க்கவே கட்டிப்போடும் உரிமை எவருக்கும் இருக்கக் கூடாது. அந்த இரண்டு தீர்ப்புகளும் இல்லாதிருந்தால், இன்று ஓபன்காரர்கள் தோட்டம் போட்டு, கடலையும் கெர்ரெரா தீவையும் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் இடத்தில், ஒரு வங்கிக்காரர் குடும்பமே வெண்கலத்தில் முறைத்துக்கொண்டு நின்றிருக்கும்.