மேலமாசி வீதியைக் காணோமே!
வரலாற்றுல இதே நாள்ல என்ன நடந்ததுன்னு நீங்க போட்ட செப்டம்பர் 22 பட்டியல்ல 1791ல விஞ்ஞானி ஃபாரடே பிறந்தது, 1980ல ஈரான்-ஈராக் போர் மூண்டது எல்லாம் இருக்கு. எங்க மதுரையை மட்டும் விட்டுட்டீங்களே சார்? 1921ல அதே தேதியிலதான் காந்தி இங்க சட்டை, தொப்பியைக் கழற்றிட்டு இடுப்புத் துணிக்கு மாறினார். ஏழைகள்கிட்ட கதர் வாங்கக் காசில்லைங்கறது அவரை உறுத்தியிருக்கு. முதல்ல அக்டோபர் 31 வரைக்கும்னுதான் அறிவிச்சார்; பிறகு 1931ல லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் அதே கோலம்தான்! மேலமாசி வீதியில அவர் தங்கின வீட்டுல இப்ப கீழே கதர்க் கடை. போன தீபாவளிக்கு அங்க துண்டு எடுத்தேன். மாடியைப் பார்க்க ஆளே வரலை, வாசல்ல பைக் நிறுத்தத்தான் சண்டை. புதுக்கோலத்துல முதல்ல மக்கள் முன்னால நின்ன இடம் காமராசர் சாலையில காந்தி பொட்டல். அடுத்த வருஷப் பட்டியல்லயாவது சேர்த்துருங்க.