சேலம் பைபாஸ்: 7-தான் 44 ஆனது

"சேலம் வழியாகப் போன 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை எடுத்துவிட்டார்கள், 44 என்பது வேறு புது ரோடு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

இரண்டும் ஒரே சாலை. 2010-ல் நாடு முழுக்க எண்களை மாற்றினார்கள். ஓமலூர் பக்கமிருந்து வந்து கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி வழியே நாமக்கல் போகும் நம் பைபாஸ் அப்போதுதான் 44-க்குள் வந்தது. வடக்கு தெற்காக ஓடும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண் என்பது புது முறை. இன்றைய 7 பஞ்சாபிலிருந்து உத்தராகண்ட் போகிறது.

கோவை ரோடும் இப்படித்தான், பழைய 47 இப்போது 544. கடைசி இரண்டு இலக்கங்களைப் பாருங்கள், 44-ன் கிளை என்று அதுவே சொல்லிவிடும். ஆனால் பழைய 47 கன்னியாகுமரி வரை போனது. 544 கொச்சியோடு முடிகிறது.

பழைய பத்திரத்தில் எல்லையாக 7 என்றிருந்தால் பதற வேண்டாம், அது இதே சாலைதான்.