ஓட்டு கட்சிக்கு, காசு யாருக்கு?

அமெரிக்காவில் பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல், சூடு பிடித்துவிட்டால் போதும், ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கூடும் இடமெல்லாம் ரகளைதான். "கட்சிக்கு நிதி தராதவன் எதிராளிக்கு உதவுகிறான்" என்று ஒரு கோஷ்டி. "தலைமை நம்ம ஆளைக் கவிழ்க்கப் பார்க்குது, நயா பைசா கொடுக்காதே" என்று இன்னொரு கோஷ்டி. 2008இல் ஒபாமா, ஹிலாரி. 2016இல் ஹிலாரி, சாண்டர்ஸ். ஆட்கள் மாறினார்கள், வசனம் மாறவில்லை.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பிரைமரியில் யார் ஜெயித்து வந்தாலும் நவம்பரில் ஓட்டு அவருக்குத்தான். அதில் பேரம் கிடையாது. ஆனால் பிரைமரி முடிகிற வரைக்கும் கட்சி அமைப்புகளின் உண்டியலில் ஒரு டாலர்கூடப் போடத் தேவையில்லை. கொடுப்பதை வேட்பாளர் கணக்கில் நேராகக் கொடுங்கள். இதைத் துரோகம் என்பவர்களுக்குப் பணம் எந்த வழியாக எங்கே போகிறது என்று தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

"கட்சிக்குக் கொடுத்தேன்" என்று சொல்கிறோமே, அந்தக் கட்சி ஒரே பெட்டி இல்லை. தேசியக் கமிட்டியான டிஎன்சி ஒன்று. கீழவைத் தேர்தலுக்கு டிசிசிசி. செனட்டுக்கு டிஎஸ்சிசி. இது போக மாநிலத்துக்கு ஒரு கட்சி அமைப்பு. இவற்றில் டிஎன்சியின் சாசனத்தில் மட்டும், அதிபர் வேட்பாளர் தேர்வில் தலைவர் பாரபட்சம் காட்டக் கூடாது என்று எழுதியிருக்கிறது. மற்ற இரண்டுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. டிசிசிசி என்பது பதவியில் இருக்கும் உறுப்பினர்கள் சந்தா கட்டி நடத்தும் அமைப்பு. சந்தா கட்டுகிறவனைத்தானே அது காப்பாற்றும்? 2019 மார்ச்சில் அவர்கள் ஒரு விதியே போட்டார்கள்: பதவியில் இருக்கும் நம் உறுப்பினரை எதிர்த்து நிற்பவருக்கு வேலை செய்யும் கருத்துக்கணிப்புக்காரர், விளம்பர ஆலோசகர் யாருக்கும் எங்களிடம் இனி வேலை இல்லை. இல்லினாயில் கருக்கலைப்பு உரிமையை எதிர்த்து வந்த கீழவை உறுப்பினர் டான் லிப்பின்ஸ்கிக்குப் போட்டியாக நின்ற மேரி நியூமனிடமிருந்து ஆலோசகர்கள் வரிசையாகக் கழன்றுகொண்டார்கள். 2018இல் சொற்ப வித்தியாசத்தில் தோற்றிருந்த நியூமன் 2020இல் ஜெயித்தார் என்பது வேறு விஷயம். அந்த விதியை 2021இல்தான் எடுத்தார்கள். கருக்கலைப்பு உரிமைக்காக என்று நினைத்து அந்தக் காலத்தில் டிசிசிசிக்குக் காசு அனுப்பியவர்கள், தெரியாமலே லிப்பின்ஸ்கிக்கு அரணாக நின்ற அமைப்புக்குத் தீனி போட்டார்கள். கட்சியின் இடதுசாரி கீழவை உறுப்பினர் ஒகாசியோ-கோர்டெஸ் அப்போது "டிசிசிசிக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள், பிடித்த வேட்பாளருக்கு நேராகக் கொடுங்கள்" என்றதும் அவரைத் துரோகி என்றார்கள். எனக்கு அவரோடு பல விஷயத்தில் ஒத்துப்போகாது. இதில் அவர் சொன்னதுதான் சரி.

இனி 2016க்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஹிலாரி விக்டரி ஃபண்ட் என்று ஒன்று இருந்தது. ஹிலாரி பிரசாரம், டிஎன்சி, 32 மாநிலக் கட்சிகள் எல்லாம் சேர்ந்த கூட்டு வசூல் கமிட்டி. அந்த ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் நடிகர் ஜார்ஜ் குளூனி கலந்துகொண்ட விருந்து ஒன்று. தலைமேசையில் ஒரு ஜோடி உட்கார 3,53,400 டாலர். இந்த எண் எங்கிருந்து வந்தது? டிஎன்சியின் வழக்கமான செலவுக் கணக்குக்கு ஒருவர் ஆண்டுக்குத் தரக்கூடிய உச்சம் அப்போது 33,400. மாநிலக் கட்சிக்கு 10,000. 32 மாநிலத்துக்கு 3,20,000. கூட்டிப் பாருங்கள், ஒரு டாலர் பிசகாது. ஒரே நபர் எல்லாக் கமிட்டிக்கும் சேர்த்து இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று முன்பு ஒரு மொத்த உச்சவரம்பு இருந்தது. 2014இல் மெக்கட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கிவிட்டது. இல்லையென்றால் இப்படி ஒரு செக்கே எழுதியிருக்க முடியாது.

குளூனியே "இது அசிங்கமான அளவு பணம்தான்" என்று தொலைக்காட்சியில் ஒத்துக்கொண்டார். ஆனால் இதில் பெரும்பகுதி கீழ்மட்ட வேட்பாளர்களுக்குப் போகிறது என்று சமாதானமும் சொன்னார். போனதா? மே மாதம் பொலிட்டிகோ என்ற செய்தித்தளம் கணக்கை எடுத்துப் போட்டது. அதுவரை வசூல் 6.1 கோடி டாலர். மாநிலக் கட்சிகளுக்கு மாற்றியது 38 லட்சம். அதில் 33 லட்சம் ஓரிரு நாளில் டிஎன்சிக்கே திரும்பிப் போய்விட்டது. மாநிலங்களிடம் தங்கியது மொத்த வசூலில் ஒரு சதவீதம்கூட இல்லை.

இதில் சட்டமீறல் என்று ஒன்றும் இல்லை, அதுதான் கவனிக்க வேண்டியது. ஒரே கட்சியின் தேசிய, மாநிலக் கமிட்டிகள் தங்களுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், வரம்பே கிடையாது. தனிநபரிடமிருந்து டிஎன்சி அந்தக் கணக்குக்கு 33,400க்கு மேல் நேராக வாங்க முடியாது. மாநிலத்தின் பெயரில் 10,000 வாங்கி, காலையில் உள்ளே வைத்து மாலையில் வெளியே எடுத்தால் வாங்கலாம். இலையுதிர் காலத்தில் மாநிலங்களுக்குப் பணம் வரும் என்று ஹிலாரி தரப்பு சொன்னது. சரி, ஆனால் மொன்டானாவில் ஒரு சட்டமன்ற வேட்பாளருக்குப் போகும் என்று நம்பிக் கொடுத்தவனுக்கு அது பதிலா?

பெரிய செக்கை விடுங்கள். நம்மைப் போல 25 டாலர் கொடுப்பவர்களுக்கு இதில் உள்ள சூட்சுமம் வேறு. கூட்டு வசூல் கமிட்டிக்கு ஒரு பங்கீட்டு விதி உண்டு. இங்கே முதல் 2,700 டாலர் ஹிலாரி பிரசாரத்துக்கு, அதற்கு மேல் வருவது டிஎன்சிக்கு, அதற்கும் மேலே போனால் மாநிலங்களுக்கு. ஆக 25 டாலர் கொடுத்தவருடைய 25ம் ஒரு பிரைமரி வேட்பாளருக்கே போனது. கட்சிக்குக் கொடுத்ததாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சாண்டர்ஸ் தரப்பு ஏப்ரல் மாதம் டிஎன்சிக்கு எழுதிய புகார்க் கடிதத்தின் சாரமும் ஏறக்குறைய இதுதான். அவரும் டிஎன்சியோடு கூட்டு வசூல் ஒப்பந்தம் போட்டிருந்தார், ஆனால் தொடவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எனவே பெயரில் "விக்டரி ஃபண்ட்" என்று இருந்தால் பக்கத்தின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். பங்கீட்டு விதியை அங்கே போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்த விதி எப்படி இருந்தாலும், "என் பணம் இன்னாருக்கு மட்டும்" என்று கொடுப்பவர் குறித்துத் தரலாம் என்ற வரியும் அங்கேயே இருக்கும். அதை யாரும் பயன்படுத்துவதில்லை.

சாண்டர்ஸ் பக்கம் மட்டும் எல்லாம் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். "சராசரி 27 டாலர்" என்று மேடைக்கு மேடை சொன்னார். அப்போதைய தனிநபர் உச்சம் 2,700. அதாவது 27 டாலரை நூறு தடவை அனுப்பினால் வரம்பு முடிந்தது. டிபேட் முடிந்ததும் ஒரு தடவை, கோபம் வந்தால் ஒரு தடவை என்று அழுத்திக்கொண்டே போனவர்கள் பலர் வரம்பைத் தாண்டினார்கள். தேர்தல் ஆணையமான எஃப்இசியிடமிருந்து பிரசாரத்துக்குப் பக்கம் பக்கமாக நோட்டீஸ் போனது. வரம்பு மீறிய தொகையை 60 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், அல்லது உங்கள் சம்மதத்தோடு பொதுத்தேர்தல் கணக்குக்கோ துணைவர் பெயருக்கோ மாற்ற வேண்டும்.

பெயர் வெளியே வருவது பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. ஒரு பிரசாரத்துக்கு மொத்தம் 200 டாலரைத் தாண்டினால்தான் பெயர், ஊர், வேலை, முதலாளி எல்லாம் எஃப்இசி தளத்தில் ஏறும் என்பது பொதுவிதி. 27 டாலர்க்காரருக்கு எட்டாவது தடவையில் அது தாண்டிவிடும். ஆனால் ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு ஆன்லைனில் வசூலித்துத் தரும் ஆக்ட்புளூ வழியாகக் கொடுத்தால் முதல் டாலருக்கே ஏறும். அது இடைத்தரகர் என்பதால் தன் கையில் வந்த ஒவ்வொரு தொகையையும் தன் அறிக்கையில் காட்டியாக வேண்டும். நம்ம ஊர் மொய் நோட்டு மாதிரிதான், என்ன, இந்த நோட்டை உலகமே புரட்டிப் பார்க்கலாம். அலுவலகத்தில் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று சக ஊழியர் தேடிப் பார்ப்பது சர்வ சாதாரணம். அந்தப் பட்டியலை எடுத்து வசூலுக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்துவது மட்டும் குற்றம். திருடர்களைப் பிடிக்க, ஒவ்வொரு கமிட்டியும் தன் அறிக்கையில் பத்து பொய்ப் பெயர் வரை கலந்து வைக்கலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது!

வரம்புகள் இப்போது கூடிவிட்டன. 2025-26இல் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர். பிரைமரி ஒரு தேர்தல், பொதுத்தேர்தல் இன்னொன்று, யாருக்கும் போதிய ஓட்டு கிடைக்காமல் ரன்-ஆஃப் என்ற மறுசுற்று வந்தால் அது தனி. அதிபர் பிரைமரியில் மட்டும் எல்லா மாநிலமும் சேர்த்து ஒரே தேர்தலாகக் கணக்கு. கணவனுக்கு ஒரு வரம்பு, மனைவிக்கு ஒரு வரம்பு. ஒருவருக்கு வருமானமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் கூட்டுக் கணக்கிலிருந்து 7,000க்கு செக் எழுதினால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே கையெழுத்து இருந்தால் முழுத்தொகையும் அவர் தலையில்தான். மச்சான் பெயரில் கொடுத்துவிட்டு அவருக்குப் பணத்தைத் திருப்பித் தருவது, ஊழியர்களைக் கொடுக்கச் சொல்லி போனஸில் ஈடுகட்டுவது, இதெல்லாம் கிரிமினல் குற்றம். 2012 செனட் தேர்தலில் 20,000 டாலரை இப்படி வேறு பெயர்களில் கொடுத்த வலதுசாரி எழுத்தாளர் தினேஷ் டிசோசா 2014இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிற்பாடு டிரம்ப் மன்னித்தார். உங்களை மன்னிக்க யார் வருவார்?

எச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள் கூட்டாட்சி, மாநில, உள்ளூர் என்று எந்தத் தேர்தலுக்கும் ஒரு டாலர் தரக் கூடாது. கிரீன் கார்டு இருந்தால் தரலாம், ஓட்டுதான் போட முடியாது. சம்பளமில்லாமல் போன் செய்வது, கதவு தட்டுவது எச்1பிக்காரருக்கும் அனுமதி. குடியுரிமை உள்ள மனைவியிடம் "இவருக்கு இவ்வளவு கொடு" என்று எச்1பி கணவர் முடிவு செய்வதுதான் வில்லங்கம்.

இப்போது நன்கொடைப் பக்கத்தில் எங்கே ஏமாறுவீர்கள் என்று பார்ப்போம். "பத்து போராளி வேட்பாளர்களுக்கு" என்று ஒரு பக்கம் வரும். அதில் தொகை சமமாகப் பிரியும், பத்தில் ஒன்று கட்சிக் கமிட்டியாகவோ இணைப்பை அனுப்பிய அமைப்பாகவோ இருக்கும். பிரிப்பை மாற்றும் வசதி உண்டு, அழுத்திப் பார்த்து வேண்டாததைப் பூஜ்யம் ஆக்குங்கள். "மாதாமாதம்" என்ற கட்டத்தைக் கவனியுங்கள். 2020இல் டிரம்ப் தரப்பு அதை முன்கூட்டியே டிக் செய்து வைத்து, பிறகு கோடிக்கணக்கில் திருப்பித் தர வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு எஃப்இசி ஆறு உறுப்பினர்களும் ஒருமனதாக அதைத் தடை செய்யச் சொல்லி நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தார்கள். சர்ச்சைக்குரிய விஷயங்களில் அந்த ஆணையம் ஒருமனதாக நிற்பது அபூர்வம்.

"இன்றிரவுக்குள் கொடுத்தால் 500 சதவீதம் மேட்ச்" என்று வரும் இமெயில் பச்சைப் பொய். உங்கள் 25க்கு 125 போடுகிற அந்தப் புண்ணியவானுக்கும் 3,500தான் வரம்பு. 28 பேருக்கு மேட்ச் செய்ததும் அவர் கை கட்டுப்பட்டுவிடும்.

வேட்பாளரிடமிருந்து தனித்து நின்று வரம்பில்லாமல் வசூலித்துச் செலவழிக்கும் சூப்பர் பேக்குக்குக் கொடுப்பதும் வீண், அதற்குக் காரணம் விளம்பரக் கட்டணம். பிரைமரிக்கு முந்தைய 45 நாளும் பொதுத்தேர்தலுக்கு முந்தைய 60 நாளும் டிவி, ரேடியோ நிலையங்கள் வேட்பாளருக்குத் தங்கள் மிகக் குறைந்த கட்டணத்தில்தான் நேரம் விற்க வேண்டும். சூப்பர் பேக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. வேட்பாளர் கணக்கில் போட்ட 100 டாலர் அதே சேனலில் கூடுதல் நொடிகளை வாங்கும்.

"அப்போ பொதுத்தேர்தலுக்கு யார் தயார் செய்வது? கட்சி பட்டினி கிடக்கட்டுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. யார் ஜெயிக்கிறாரோ அவருக்கு என்று பூட்டி வைக்கும் நிதிகள் அதற்குத்தான் இருக்கின்றன. 2018இல் ஸ்விங் லெஃப்ட் என்ற அமைப்பு தொகுதிவாரியாக அப்படித் திரட்டியது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்துக்கு கேவனாவை நியமித்தபோது, அவரை ஆதரித்து ஓட்டுப் போட்ட மெய்ன் மாநிலக் குடியரசுக் கட்சி செனட்டர் சூசன் காலின்ஸை எதிர்க்கப் போகும், இன்னும் யார் என்றே தெரியாத வேட்பாளருக்கு 40 லட்சம் டாலர் அளவில் சேர்ந்தது. 2020 ஜூலையில் பிரைமரியை ஜெயித்த சாரா கிடியன் கைக்கு அது போனது. அவர் தோற்றார், அதுவும் ஏறத்தாழ 1.5 கோடி டாலர் செலவழியாமல் கிடக்க. கடைசி இரண்டு மாதத்தில் கொட்டும் பணத்துக்கு வாங்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. பூட்டு நிதிக்குக் கொடுப்பதானால் முன்கூட்டியே கொடுங்கள்.

பிரைமரியில் தோற்ற வேட்பாளருக்குக் கொடுத்தவர்களுக்கு ஒரு விஷயம். பொதுத்தேர்தல் கணக்குக்கு என்று நீங்கள் கொடுத்த பகுதி உங்களுக்குத் திரும்பி வர வேண்டும். பிரைமரிப் பகுதி வராது. ஆனால் அவருடைய பழைய கடனுக்கு, உங்கள் பிரைமரி வரம்பில் மீதி இருந்தால், இன்னும் தரலாம். 2008 ஜூனில் ஹிலாரி இரண்டு கோடி டாலருக்கு மேல் கடனோடு நின்றபோது ஒபாமா தன் பெரிய நன்கொடையாளர்களைக் கூட்டி உதவச் சொன்னார். தன் சொந்த செக்கையும் எழுதினார், 2,300 டாலர், அன்றைய உச்சம். மிஷெலும் அதே தொகை. அந்தக் கடன் முழுவதும் அடைபட 2013 ஆரம்பம் ஆகிவிட்டது.

உங்கள் ஆள் போட்டியிலிருந்து விலகிவிட்டால் அன்றைக்கே மாதாந்திர நன்கொடையைப் போய்ப் பாருங்கள், தானாக நிற்கும் என்று விட்டுவிடாதீர்கள். ரசீது இமெயிலில் உள்ள இணைப்பிலேயே நிறுத்தலாம், இரண்டு நிமிட வேலை.