மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றுவது பாதுகாப்பு ஆகாது

நண்பரே, மாதம் ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றி, ‘ஏ’ எழுத்துக்குப் பதில் @ போட்டுவிட்டால் யாராலும் உடைக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை, நம்பிச் செய்கிறவர்களுக்கு ஆபத்தும்கூட. இந்த வழக்கம் பரவ முக்கியக் காரணமே தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் அமெரிக்க அரசின் நிஸ்ட் (NIST) நிறுவனம் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டிதான். அதே நிறுவனம் 2017-இல் அதைக் கைவிட்டு, பாஸ்வேர்டு கசிந்ததாகத் தெரிந்தால் மாற்றச் சொல்லுங்கள், சும்மா நாள் கணக்கு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்று திருத்திக்கொண்டது.

ஏன் தெரியுமா? அடிக்கடி மாற்றச் சொன்னால் பலரும் செய்வது ஒன்றுதான், கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குவார்கள். பழையது கையில் கிடைத்தவனுக்கு அடுத்ததை ஊகிக்க எவ்வளவு நேரம் ஆகும்? @ விஷயமும் அப்படித்தான், பாஸ்வேர்டை உடைக்கும் மென்பொருள்களில் ‘ஏ’வுக்குப் பதில் @ போட்டுப் பார்க்கும் விதி ஏற்கெனவே இருக்கிறது.

நீளம்தான் பலம். சிறிய ஆங்கில எழுத்துகள் மட்டும் உள்ள 8 எழுத்து பாஸ்வேர்டில் சுமார் 20,880 கோடி வாய்ப்புகள், கூடுதலாக ஒரு எழுத்து சேர்த்தாலே அது 26 மடங்காகிவிடும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் குலுக்கலில் எடுத்துக் கோர்த்தால் நினைவிலும் நிற்கும். ஆனால் பாடல் வரி வேண்டாம்.

அப்புறம், ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போடுவதை நீங்கள் சொல்லவே இல்லையே! ஒரு தளத்தில் கசிந்ததை எடுத்து மற்ற தளங்களில் போட்டுப் பார்ப்பதுதான் திருடர்களின் முதல் வேலை. பாஸ்வேர்டு மேனேஜர் (பாஸ்வேர்டுகளை உருவாக்கிப் பத்திரமாகச் சேமித்து வைக்கும் செயலி) வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தனியாக உருவாக்குங்கள், மின்னஞ்சல் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பையும், உதாரணமாக கைபேசியில் வரும் குறியீட்டையும் கேட்கும் முறை) இன்றே போடுங்கள், மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மீட்கும் இணைப்பெல்லாம் அங்கேதான் வந்து சேரும்.