கடைசி எபிசோடில் யாராவது செத்தே ஆக வேண்டுமா?

ஜப்பானிய அனிமேஷனான அனிமே பார்க்கிறவர்களிடம் எது சிறந்த முடிவு என்று கேட்டால், பெரும்பாலும் தங்களை ஓவென்று அழவைத்த தொடரின் பெயரைத்தான் சொல்வார்கள். நாயகன் செத்தால் காவியம். பாதிச் சிரிப்பும் பாதிக் கண்ணீருமாக முடிந்தால் முதிர்ச்சியான படைப்பு. எல்லோரும் நன்றாக இருந்தார்கள் என்று சுபம் போட்டுவிட்டால் மட்டும், அது ஏதோ சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் மாதிரி ஒரு இளக்காரம்.

நான் அந்த இளக்காரத்துக்கு எதிர்க்கட்சி. நீண்ட அனிமே தொடருக்கு மகிழ்ச்சியான முடிவுதான் பொருத்தம் என்பது என் கருத்து. ஒரே ஒரு நிபந்தனை: அந்த மகிழ்ச்சிக்கான விலையை, அதை அனுபவிக்கப் போகிறவனே தன் கையிலிருந்து கொடுத்திருக்க வேண்டும். கொடுத்ததைக் கதாசிரியர் நைசாகத் திருப்பிக் கொடுக்கவும் கூடாது.

இனி வருவதெல்லாம் ஸ்பாய்லர். ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட், கிளனாட், கோட் கியாஸ், யுவர் லை இன் ஏப்ரல், கௌபாய் பீபாப் இதில் எதையாவது இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

இந்த விவாதத்துக்கு ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்டை விட நல்ல சாட்சி கிடையாது. ஒரே கதை, ஒரே பாத்திரங்கள், ஒரே போன்ஸ் ஸ்டுடியோ, ஆனால் இரண்டு முடிவுகள். ஹிரோமு அரகாவா இந்த மாங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையை, 2001-ல் தொடங்கினார். 2003-ல் அனிமே வந்தபோது மாங்கா பாதிகூடத் தாண்டவில்லை. அதனால் இயக்குநர் செய்ஜி மிசுஷிமாவின் குழு, அரகாவாவின் சம்மதத்தோடு, தனக்கென்று ஒரு முடிவை எழுதி 51 எபிசோடில் கதையை முடித்தது. பிறகு 2009-ல் யாசுஹிரோ இரியே இயக்கத்தில் பிரதர்ஹுட் வந்தது. இது மாங்காவின் வழியிலேயே போய் 64 எபிசோடில் முடிந்தது. மாங்காவின் கடைசி அத்தியாயம் 2010 ஜூனில் வந்தது, அனிமேவின் கடைசி எபிசோடு ஜூலையில்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இறந்துபோன அம்மாவை உயிர்ப்பிக்க இரண்டு சிறுவர்கள் தடை செய்யப்பட்ட ரசவாதத்தில் இறங்குகிறார்கள். அம்மா வரவில்லை. அண்ணன் எட்வர்டுக்கு ஒரு கால் போகிறது, தம்பி அல்ஃபோன்ஸுக்கு உடம்பே போகிறது. தம்பியின் உயிரையாவது ஓர் இரும்புக் கவசத்தில் கட்டிவைக்க அண்ணன் ஒரு கையையும் கொடுக்கிறான். ஒன்றைப் பெற வேண்டுமானால் அதே மதிப்புள்ள ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது அந்த உலகத்தின் சட்டம். தொடர் முழுக்க அவர்கள் தேடுவது, இழந்த உடம்பைத் திரும்பப் பெறும் வழி.

2003 தொடரில் அந்தச் சட்டமே பொய் என்று வில்லி டான்டே எட்வர்டின் முகத்துக்கு நேரே சொல்கிறாள். உழைத்தவனுக்கெல்லாம் கூலி கிடைப்பதில்லை, கொடுத்தவனுக்கெல்லாம் திரும்ப வருவதில்லை என்கிறாள். முடிவும் அவள் பக்கம்தான் சாய்கிறது. எட்வர்ட் கொல்லப்படுகிறான். அல்ஃபோன்ஸ் தன்னையே கொடுத்து அண்ணனை மீட்கிறான். அண்ணன் தன்னைக் கொடுத்துத் தம்பியை மீட்கிறான். தம்பிக்கு உடம்பு கிடைக்கிறது, ஆனால் இருவரும் சேர்ந்து அலைந்த அத்தனை வருட நினைவும் போய்விடுகிறது. அண்ணன் முதல் உலகப் போர் முடிந்த ஜெர்மனியில், அதாவது நம் உலகத்தில், வந்து விழுகிறான். ஒருவன் தேடுகிறான், இன்னொருவனும் தேடுகிறான், நடுவில் ஒரு கதவு. இத்தோடு தொடர் முடிகிறது.

இதை மோசமான முடிவு என்று சொல்ல எனக்கு மனம் வராது. கதை சொல்லிவந்த கருத்துக்கு நேர்மையாகத்தான் முடித்தார்கள். ஆனால் 2005-ல் அதன் தொடர்ச்சியாக வந்த திரைப்படத்தில் என்ன செய்தார்கள்? அல்ஃபோன்ஸின் நினைவு திரும்பிவிடுகிறது, அண்ணனும் தம்பியும் நம் உலகத்தில் ஒன்று சேர்ந்துவிடுகிறார்கள். சரி, சந்தோஷம். அதற்கான விலையைக் கொடுத்தது யார்? வின்ரி. சிறுவயது முதல் எட்வர்டுக்கு இயந்திரக் கையும் காலும் செய்துகொடுத்த பெண். அவன் திரும்பி வந்தால் மாட்டிக்கொள்ளட்டும் என்று புதுக் கை கால் எல்லாம் தயாராக வைத்திருந்தவள். அவள் அந்தப் பக்கமே நின்றுபோகிறாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கடுப்பு வருவது இங்கேதான். சோகமாக முடிந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. சோகத்தை யார் தலையில் கட்டினார்கள் என்பதுதான் பிரச்சினை.

பிரதர்ஹுட்டுக்கு வருவோம். கடைசிச் சண்டையின் நடுவே அல்ஃபோன்ஸ் தன் உயிரைக் கொடுத்து அண்ணனின் கையை மீட்டுத் தந்துவிட்டுப் போய்விடுகிறான். சண்டை ஜெயித்தாயிற்று, தம்பி இல்லை. இந்த இடத்தில் கதாசிரியருக்கு எத்தனை சுலபமான வழிகள் இருந்தன பாருங்கள். அந்தச் சட்டத்தையே மீற வைக்கும் ஞானக்கல்லைப் பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் அது மனித உயிர்களால் ஆனது, அதைத் தொடமாட்டோம் என்று அண்ணனும் தம்பியும் முன்பே வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா ஹோஹென்ஹைம் என் உயிரை எடுத்துக்கொள் என்று முன்வருகிறார். பார்க்கிறவர்களும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள், குற்றவுணர்ச்சியில் வெந்த அப்பா பிள்ளைக்காகச் சாவது நமக்கெல்லாம் பழகிய காட்சிதானே. எட்வர்ட் கோபத்தில் கத்தி அதை மறுக்கிறான். இல்லையென்றால் எட்வர்டே செத்திருக்கலாம். அது இன்னும் சுலபம்.

அவன் அப்படிச் செய்வதில்லை. உட்கார்ந்து யோசிக்கிறான். பிறகு தன் ரசவாதத்தையே விலையாக வைக்கிறான். பன்னிரண்டு வயதில் அரசு ரசவாதி ஆனவன், குள்ளம் என்று யாராவது சொன்னால் குதிப்பவன், அந்தக் குள்ளத்தையும் மீறி உலகம் தன்னை அண்ணாந்து பார்க்கக் காரணமாக இருந்த ஒரே வித்தையைத் தூக்கிக் கொடுக்கிறான். தொடரின் தலைப்பையே கொடுத்துவிடுகிறான் என்றுகூடச் சொல்லலாம். அது இல்லாமல் நீ வெறும் மனிதன்தானே என்று, விலையை வாங்கிக்கொள்ளும் 'உண்மை' என்ற உருவம் கேட்கும்போது அவனுக்குத் தயக்கமே இல்லை, கூட இருப்பவர்கள் இருக்கிறார்களே என்கிறான். அதுவரை ஒவ்வொரு ரசவாதியையும் ஏமாற்றிப் பறித்துக்கொண்டிருந்த அந்த உருவம், முதல் முறையாகத் தோற்றதில் சந்தோஷப்படுகிறது.

64 எபிசோடு பார்த்தவனுக்குத்தான் அந்தக் கணத்தின் கனம் தெரியும். ரசவாதம் அவனுக்கு ஆயுதம் மட்டும் இல்லை, அகம்பாவமும் அதுதான். அம்மாவை உயிர்ப்பிக்கலாம் என்று நினைக்க வைத்ததே அதுதான். எங்கே தப்பு தொடங்கியதோ அங்கேயே போய்க் கணக்கைத் தீர்க்கிறான். கொடுத்தது திரும்பவும் வருவதில்லை, கடைசி வரை அவனுக்கு ரசவாதம் கிடையாது. இடது கால் இரும்பாகவே இருக்கிறது. அல்ஃபோன்ஸ் எலும்பும் தோலுமாக, நீள முடியோடு வந்து நிற்கிறான். அப்பா மனைவியின் கல்லறை முன் மண்டியிட்டபடியே இறந்துபோகிறார். அப்புறம் ரயில் நிலையத்தில் எட்வர்ட் வின்ரியிடம் என் வாழ்க்கையில் பாதியைத் தருகிறேன், உன்னுடையதில் பாதியைத் தா என்று ரசவாதச் சூத்திரம் மாதிரியே கல்யாணம் கேட்கிறான். அவள் பாதி என்ன பாதி, முழுசாகவே தருகிறேன் என்று உளறி, வெட்கப்பட்டு, சதவீதக் கணக்கில் பேரம் பேசுகிறாள். கடைசியில் குடும்பப் புகைப்படம், குழந்தைகளோடு. இதைப் போய்ச் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்றால் எப்படி?

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. எட்வர்டின் மேலதிகாரி கர்னல் மஸ்டாங் கண் பார்வையை இழக்கிறார். அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையாக அது பொருந்தவும் செய்கிறது. பிறகு டாக்டர் மார்கோ ஒரு ஞானக்கல்லைக் கொண்டுவந்து பார்வையைத் திருப்பித் தரலாம் என்கிறார். அந்தக் கல் இஷ்வால் மக்களின் உயிரால் ஆனது. அவர்களைக் கொன்ற ராணுவத்தில் மஸ்டாங்கும் இருந்தார். இஷ்வாலை மீட்டெடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் மார்கோ கொடுக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் எட்வர்ட் தொடமறுத்த கல்லை மஸ்டாங் தொடுவது எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. அவரைக் குருடராகவே விட்டிருந்தால் அந்த முடிவுக்கு நான் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

ஜப்பானியர்களுக்குச் சோகம் ரத்தத்திலேயே ஊறியது, அதனால் அனிமேவுக்குச் சோக முடிவுதான் இயல்பு என்று ஒரு வாதம் வரும். எ டாக் ஆஃப் ஃப்ளாண்டர்ஸை உதாரணம் காட்டுவார்கள். 1975-ல் ஃபுஜி தொலைக்காட்சியில் வந்த குழந்தைகள் தொடர், 52 எபிசோடு. கடைசியில் சிறுவன் நெல்லோவும் நாய் பத்ராஷேவும் ஆன்ட்வெர்ப் தேவாலயத்தில் ரூபன்ஸின் ஓவியத்துக்குக் கீழே குளிரில் விறைத்துச் சாகிறார்கள். ஜப்பானே அழுதது. அந்தத் தேவாலயத்தைப் பார்க்க ஜப்பானியச் சுற்றுலாப் பயணிகள் போனார்கள், இன்று அதன் வாசலிலேயே அந்தப் பையனுக்கும் நாய்க்கும் சிலை இருக்கிறது. இதே கதையை ஹாலிவுட் படமாக எடுத்தபோது பையனைப் பெரும்பாலும் பிழைக்க வைத்துவிட்டார்கள் என்பதும் உண்மை.

ஆனால் அதற்கு முந்தைய வருடமும் அடுத்த வருடமும் வந்ததைச் சேர்த்துப் பாருங்கள். 1974-ல் ஹைடி, 1976-ல் அம்மாவைத் தேடி ஜெனோவாவிலிருந்து அர்ஜென்டினா வரை போகும் சிறுவன் மார்கோவின் கதை. இரண்டும் 52 எபிசோடு, இரண்டையும் இயக்கியவர் இசாவோ தகாஹாதா. ஹைடியில் சக்கர நாற்காலிச் சிறுமி கிளாரா எழுந்து நடக்கிறாள். மார்கோ அம்மாவைக் கண்டுபிடிக்கிறான். வருடம் முழுக்க வாராவாரம் காத்திருந்த குழந்தைகளுக்கு தகாஹாதா கொடுத்தது இதைத்தான். அதே தகாஹாதா 1988-ல் கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ் எடுத்தார், அதில் முதல் காட்சியிலேயே சிறுவன் செத்துவிடுகிறான். ஒன்றரை மணி நேரப் படத்தில் அந்தத் துக்கத்தை ஒரே மூச்சில் தாங்கலாம். தொடர் வேறு. வாராவாரம் வீட்டுக்கு வந்துபோன பிள்ளையைக் கடைசி வாரத்தில் சாகடிக்க வேண்டுமென்றால் அதற்கு மிகப் பெரிய நியாயம் வேண்டும்.

அந்த நியாயம் இல்லாத தொடர்களில் யுவர் லை இன் ஏப்ரலைத்தான் முதலில் சொல்வேன். இசை அருமை, கடைசிக் கடிதம் வரும்போது எனக்கும் கண் கலங்கியது, மறுக்கவில்லை. ஆனால் பியானோ பையன் வளர்வதற்காக வயலின் பெண் நோயில் சாகிறாள். அவள் செய்த எந்த முடிவின் விளைவும் அல்ல அந்தச் சாவு. நோய் கொடுத்தவர் கதாசிரியர், பலன் பையனுக்கு. வின்ரிக்கு நடந்ததும் இதுதான்.

கோட் கியாஸின் நாயகன் லெலூஷ் அப்படி இல்லை. உலகத்தின் வெறுப்பு முழுவதையும் தன் மேல் இழுத்துக்கொண்டு, தானே திட்டம் போட்டு, நண்பன் கையால் சாகிறான். 2008-ல் வந்த அந்தக் கடைசி எபிசோடில் ஒரு வினாடியைக்கூட மாற்ற வேண்டாம். அதற்குள் 2019-ல் ஒரு படம் எடுத்து, இது வேறு காலக்கோடு என்று ஒரு சாக்கும் சொல்லி, ஆளை உயிரோடு கொண்டுவந்துவிட்டார்கள். கல்லா கட்ட வேண்டுமே.

கிளனாட் ஆஃப்டர் ஸ்டோரி இதில் இன்னும் சங்கடமான கேஸ். நாயகன் தோமோயாவின் மனைவி நாகிசா பிரசவத்தில் போகிறாள். தோமோயா ஐந்து வருடம் மகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருந்து, ஒரு பூந்தோட்டத்தில் அவளைக் கட்டிக்கொண்டு அழும் காட்சிக்கு ஈடாக அனிமேவில் அதிகம் இல்லை. அப்புறம் மகளும் போகிறாள். பிறகு ஓர் அற்புதம் நடந்து எல்லாம் ஆரம்பத்துக்குத் திரும்பி, எல்லோரும் உயிரோடு. அந்த அற்புதத்துக்குக் காரணமான ஒளி உருண்டைகளைப் பற்றி முதலிலிருந்தே சொல்லிவந்தார்கள் என்று ரசிகர்கள் வாதாடுவார்கள். சொன்னார்கள்தான். ஆனாலும் அந்தப் பூந்தோட்டம் நடக்காத ஒன்றாகிப்போகிறதே, அதை யார் எனக்கு ஈடுகட்டுவது? சோகத் தொடர்கள் மேல் நான் வைக்கும் அதே குற்றச்சாட்டை இந்த மகிழ்ச்சியான முடிவின் மேலும் வைக்கிறேன்.

என் கட்சிக்கு அடங்காதது ஒன்று உண்டு, கௌபாய் பீபாப். நாயகன் ஸ்பைக் அந்தப் படிக்கட்டில் இறங்கி, விரலைத் துப்பாக்கியாக நீட்டிவிட்டுச் சாய்வது. அவன் தப்பித்துப் போய் நிம்மதியாக மீன் பிடித்தான் என்று முடித்திருந்தால் நானே திட்டியிருப்பேன். முதல் எபிசோடிலிருந்தே அவன் பாதி செத்தவனாகத்தான் நடமாடுகிறான், அந்தச் சாவு அவனே தேடிப் போய் வாங்கியது. முடிவைப் பற்றி ரசிகர்கள் அடித்துக்கொள்ளும் அட்டாக் ஆன் டைட்டன் பற்றியும் சொல்லேன் என்பீர்கள். வேண்டாம். சொந்தங்களெல்லாம் இந்தப் பதிவைப் பார்க்கிறார்கள், கருத்துப் பெட்டியில் ரத்தம் ஓட விட எனக்கு இஷ்டமில்லை.

இன்னொன்று. நாம் இவ்வளவு சண்டை போடுவது முடிவு என்று ஒன்று உள்ள அதிர்ஷ்டசாலித் தொடர்களைப் பற்றி. பாதி அனிமே மாங்காவையோ நாவலையோ விற்பதற்கான 12 எபிசோடு விளம்பரமாக வந்து அந்தரத்தில் நிற்கிறது. நோ கேம் நோ லைஃப் 2014-ல் வந்தது, இரண்டாவது சீசனுக்கு ரசிகர்கள் இன்னும் தவம் கிடக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சோக முடிவு வேண்டுமா மகிழ்ச்சி முடிவு வேண்டுமா என்று கேட்டால் அடிக்க வருவார்கள்.

ஃபுல்மெட்டலை இன்னும் தொடாமல், ஸ்பாய்லர் எச்சரிக்கையையும் மதிக்காமல் இதுவரை படித்தவர்களுக்கு: 2003 தொடரை முதலில் பாருங்கள், பிரதர்ஹுட்டை அதற்குப் பிறகு. பிரதர்ஹுட் ஆரம்பத்தில் ரொம்ப அவசரப்படும், மஸ்டாங்கின் நண்பர் ஹியூஸின் சாவு 10-வது எபிசோடிலேயே வந்துவிடும். 2003-ல் அதற்கு 25-வது எபிசோடு வரை நேரம் கொடுக்கிறார்கள், அந்த மனுஷனோடு பழகிய பிறகுதான் அவர் போவார். 2005 படத்தைப் பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் இஷ்டம். பார்த்துவிட்டு வின்ரிக்காகக் கோபம் வராதவர்கள் வந்து சொல்லுங்கள், பேசிக்கொள்வோம்.