சத்துக்காக இல்லை, பூச்சிமருந்து எச்சத்துக்காக

இயற்கை முறையில் விளைந்த (ஆர்கானிக்) காய், பழங்களில் சத்து பல மடங்கு அதிகம் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 2012-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது வைட்டமின்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் பூச்சிக்கொல்லி எச்சம் இயற்கை விளைச்சலில் குறைவாகவே இருந்தது. இயற்கை விவசாயத்திலும் தாமிர சல்பேட் (மயில்துத்தம்) போன்ற சில மருந்துகளுக்கு அனுமதி உண்டு.

நான் தோலோடு கடித்துத் தின்னும் ஆப்பிள், திராட்சை மாதிரிப் பழங்களை மட்டும் இயற்கையாகப் பார்த்து வாங்குகிறேன், தோலை உரித்துப் போடுகிற வாழைப்பழத்துக்கு அவ்வளவு யோசிப்பதில்லை. கட்டுப்படியாகவில்லையா, சரி, சாதாரணக் காய்கறியையே ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிச் சாப்பிடுங்கள், பயந்துபோய் காய்கறியைக் குறைத்துவிடாதீர்கள்.

அப்புறம், நம் தட்டுக்கு வருவது எச்சம் மட்டும்தான். முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வயலில் தெளிக்கிறவர் அந்த மருந்தையே மூச்சில் இழுக்கிறார், கூடுதல் காசு கொடுக்க எனக்கு அதுவே போதுமான காரணம்.