அடைக்கலம்னு எழுதாதீங்க, பூட்டு வெளிப்பக்கம் இருந்துச்சு

ரெண்டு நாளா பொறுத்துப் பார்த்தேன், முடியல. ஒரு அண்ணன் ஆன்லைன்ல போட்ட அந்தப் போட்டோ விஷயம் தான். டப்ளின்ல இருக்கிற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் தெரியும், மத்தவங்களும் ஸ்கிரீன்ஷாட் பார்த்திருப்பீங்க. கருப்பு வெள்ளைப் படம், வரிசையா பொண்ணுங்க நின்னு துணி தேய்க்கிறாங்க, பக்கத்துல ரெண்டு சிஸ்டர்ஸ். மேல "வழி தவறிய பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்த அன்னையர்"னு ஒரு வரி. நான் கீழ ஒரே ஒரு கமெண்ட் போட்டேன், "அண்ணே, அது அடைக்கலம் இல்ல, பூட்டு வெளிப்பக்கம் இருந்துச்சு"ன்னு. பத்து நிமிஷத்துல கமெண்டைக் காணோம். அப்புறம் இன்பாக்ஸ்ல ஒருத்தர் வந்து "சகோதரி, விசுவாசத்துல தளர்ச்சியா, உங்களுக்காக ஜெபம் பண்றோம்"ங்கிறார். அது தான் நெஞ்சுல குத்திருச்சு.

என் விசுவாசத்துக்கு ஒன்னும் ஆகல. வாராவாரம் பூசைக்குப் போறேன், பாஸ்காவுக்கு உங்க கூட நின்னு பாட்டு பாடினவ தான் நான். அதனால தான் எழுதறேன்.

அந்தப் படத்துல இருக்கிறது மகதலா லாண்ட்ரி, பொண்ணுங்களைத் "திருத்தறோம்"னு உள்ள வச்சு சம்பளமில்லாம துணி துவைக்க வச்ச இல்லம். அயர்லாந்துல இப்படி முதல் இல்லம் வந்தது 1767ல, டப்ளின் லீசன் ஸ்ட்ரீட்ல. ஆரம்பிச்சது அரபெல்லா டென்னின்னு ஒரு பிரபு வீட்டு அம்மா, அவங்க புராட்டஸ்டன்ட். இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா "கத்தோலிக்கத் திருச்சபை மேல வன்மம்"னு சொல்ல ரெடியா நாலு பேர் இருக்கீங்க. ரெண்டு பக்கமும் நடத்தினாங்க. ஆனா 1922ல சுதந்திர அரசு வந்த பிறகு நாடு பூரா பத்து லாண்ட்ரி, நடத்தினது நாலு கத்தோலிக்க சபை. அதையும் மறைக்க முடியாது.

உள்ள என்ன நடந்துச்சு? போன அன்னைக்கே முடியை வெட்டுவாங்க. பேரை மாத்துவாங்க. காலையில ஜெபம், அப்புறம் நாள் பூரா துவைக்கிறது, பிழியறது, தேய்க்கிறது. வேலை நேரத்துல பேசக்கூடாது. ஹோட்டல் துணி, ஆஸ்பத்திரி துணி, ராணுவத்துத் துணி கூட வந்துச்சு, அதுக்கெல்லாம் காசும் வந்துச்சு. துவைச்சவளுக்கு சம்பளம் கிடையாது. ஓடிப்போனா போலீஸ் பிடிச்சுக் கொண்டுவந்து விடும். அவங்களுக்கு வச்சிருந்த பேரே "மனஸ்தாபப்படுறவங்க". எந்தப் பாவத்துக்கு மனஸ்தாபம்?

ஏன்னா உள்ள இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க நீங்க நினைக்கிற மாதிரி தொழில் பண்ணினவங்க கிடையாது. கல்யாணம் ஆகாம பிள்ளை பெத்தவங்க, அநாதை விடுதியில வளர்ந்து போக இடமில்லாதவங்க, அம்மா செத்து அப்பா ரெண்டாம் கல்யாணம் பண்ணினதால வீட்டுல வேண்டாம்னு ஆனவங்க, சொந்தக்காரன் கெடுத்துட்டு அதை வெளிய சொன்ன குத்தத்துக்கு உள்ள தள்ளப்பட்டவங்க, கொஞ்சம் புத்தி மந்தமானவங்க. 2013ல அரசாங்கமே போட்ட மக்அலீஸ் கமிட்டி அறிக்கை வந்துச்சு, 1922ல இருந்து குறைஞ்சது பத்தாயிரம் பேர்னு சொல்லுது, அதுவும் ரெண்டு லாண்ட்ரியோட பதிவேடு கிடைக்காம மத்த எட்டை மட்டும் வச்சு எண்ணினது. அந்தக் கணக்குல மிகச் சின்ன வயசு என்ன தெரியுமா? ஒன்பது. ஒன்பது வயசுப் பிள்ளை எந்த வழியைத் தவறியிருக்கும் அண்ணே?

நான் எப்படி இதுக்குள்ள வந்தேன்னு சொல்லணும். நான் இங்க வந்த புதுசுல ஒரு நர்சிங் ஹோம்ல வேலை, எந்த இடம்னு சொல்ல மாட்டேன். அங்க ஒரு வயசான அம்மா இருந்தாங்க, அவங்க யாருன்னும் சொல்ல மாட்டேன். முதல் நாள் நைட் டியூட்டியில அவங்க கிட்ட போய் "உங்க பேர் என்னம்மா"ன்னு கேட்டேன். அவங்க என்னைப் பார்த்து "எந்தப் பேர்?"னு கேட்டாங்க. எனக்குப் புரியல, வயசான மறதின்னு நினைச்சு சார்ட்ல எழுதியும் வச்சுட்டேன். மறதியே இல்ல. பதினஞ்சு வயசுல, விடுதியில இருந்து "உனக்கு வேலை கிடைச்சிருக்கு"ன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போய் லாண்ட்ரியில விட்டிருக்காங்க. அன்னைக்கு வச்ச பேரு பதினோரு வருஷம் ஓடியிருக்கு. சொந்தப் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டா திரும்பிப் பார்க்கவே கொஞ்ச நாள் ஆச்சுன்னாங்க.

பெட்ஷீட் மாத்தும்போது அவங்களே எந்திரிச்சு வந்து ரெண்டு முனையை என் கையில கொடுப்பாங்க, ரெண்டு முனையை அவங்க பிடிச்சுக்குவாங்க. ஒரு வார்த்தை பேசாம, கண்ணை நிமிர்த்தாம மடிப்பாங்க. மடிச்சு முடிச்சதும் ஓரம் ஓரத்தோட சேர்ந்திருக்கான்னு கட்டைவிரல் நகத்தால ஒரு கோடு இழுத்துப் பார்ப்பாங்க. ஒரு நூல் தள்ளியிருந்தா உதறிட்டு முதல்ல இருந்து. எண்பது வயசு தாண்டின கையி. நான் ஒரு நாள் "விடுங்கம்மா, நான் பார்த்துக்கறேன்"னு சொன்னதுக்குப் பயந்துட்டாங்க, "நான் ஒழுங்காத் தானே செஞ்சேன்"னு கேட்டாங்க. அடைக்கலம் கொடுத்த இடத்துல இருந்து வந்தவங்களுக்கு அந்தப் பயம் ஏன் வருது? யாராவது சொல்லுங்க.

"அந்தக் காலம் வேற"ன்னு ஒரு கமெண்ட் இருந்துச்சு, அதுக்கு முப்பது லைக். எந்தக் காலம்? கடைசி லாண்ட்ரி மூடினது 1996 அக்டோபர் 25. டப்ளின் ஷான் மக்டெர்மட் ஸ்ட்ரீட்ல, ஓகானல் ஸ்ட்ரீட்ல இருந்து நடந்து போற தூரம். 1996ல நான் எட்டாவது படிச்சுக்கிட்டிருந்தேன். உங்கள்ல பாதிப் பேர் அப்போ காலேஜ்ல இருந்தீங்க. தாத்தா காலம் இல்லைங்க இது, நம்ம காலம்.

"அறிக்கையிலேயே பாதிப் பேர் ஏழு மாசத்துக்குள்ள போயிட்டாங்கன்னு இருக்கே"ன்னு இன்னொருத்தர். இருக்கு, இல்லைங்கல. எத்தனை நாள் இருந்தாங்கன்னு பதிவே இல்லாதவங்க எத்தனை பேர்னும் அதே அறிக்கையில இருக்கு, அதையும் படிச்சுட்டு வாங்க. சரி, ஏழு மாசமே வச்சுக்குவோம். உங்க பொண்ணை எந்தத் தப்பும் இல்லாம, எப்ப வெளிய விடுவோம்னு சொல்லாம, ஏழு மாசம் சம்பளமில்லாம வேலை வாங்கினா அதுக்கு ஹார்ட் போடுவீங்களா?

"சிஸ்டர்ஸும் அங்க தானே கிடந்தாங்க, அவங்களும் உழைச்சாங்க, சோறு போட்டாங்கல்ல"ங்கிறது. இது கொஞ்சம் நியாயமான கேள்வி. சில சிஸ்டர்ஸ் அன்பா இருந்தாங்கன்னு அந்தம்மாவே சொன்னாங்க, ஒரு சின்ன சிஸ்டர் ராத்திரி ரகசியமா ரொட்டி கொண்டுவந்து கொடுப்பாங்களாம். நான் மறுக்கல. ஆனா அந்தச் சின்ன சிஸ்டர் கையிலயும் சாவி இல்ல. நான் கேட்கறது ஒன்னே ஒன்னு தான், பூட்டு எந்தப் பக்கம் இருந்துச்சு? உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தா அது அடைக்கலம். வெளிப்பக்கம் பூட்டு இருந்தா அதுக்கு வேற பேர்.

செத்த பிறகும் விடலையே. 1993ல டப்ளின் ஹை பார்க்ல லாண்ட்ரி நடத்தின சபை தன் நிலத்தை வித்துச்சு. அங்க இருந்த கல்லறையில 133 பெண்களோட உடலை எடுக்க அனுமதி வாங்கினாங்க. தோண்டினா இன்னும் 22 பேர். மொத்தம் 155. பல பேருக்கு இறப்புச் சான்றிதழே இல்ல. சில பேரோட சொந்தப் பேர் கூடத் தெரியல, சபை வச்ச பேர் மட்டும் தான். எரிச்சு கிளாஸ்னெவின் கல்லறையில கொண்டு வச்சாங்க. நம்ம ஊர்ல கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி வாங்கிக்கிட்டு, பேர் அழிஞ்சுபோன கல்லைக் கூடத் தேடித் துடைச்சு வைப்போம். போன நவம்பர் ரெண்டாம் தேதி நான் கிளாஸ்னெவின் போயிருந்தேன். அந்தக் கல்லுல இருக்கிற பேரை ஒவ்வொன்னா சத்தமா வாசிச்சேன். பாதியில தொண்டை அடைச்சுருச்சு.

அந்த 2013லேயே பிரதமர் எண்டா கென்னி பார்லிமென்ட்ல நின்னு மன்னிப்பு கேட்டார், குரல் உடைஞ்சு போச்சு அவருக்கு, மேல கேலரியில அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்தாங்க. அரசாங்கம் நஷ்டஈடு கொடுத்துச்சு. நாலு சபையும் அந்த நிதிக்குப் பங்கு தர மாட்டோம்னுட்டாங்க. அரசாங்கமே தலை குனிஞ்ச விஷயத்துக்கு நாம எதுக்கு வக்காலத்து வாங்கணும்?

அப்புறம் அந்தப் பேரு. மகதலா மரியா விபச்சாரின்னு பைபிள்ல எங்கயும் இல்ல. ஏழு பேய் நீங்கினவங்கன்னு லூக்கா சொல்றார், உயிர்த்த ஆண்டவரை முதல்ல பார்த்தவங்கன்னு யோவான் சொல்றார். 591ல போப் கிரகோரி ஒரு பிரசங்கத்துல வேற ஒரு பாவிப் பெண்ணையும் இவங்களையும் ஒன்னாக்கிட்டார், திருச்சபை அதைத் திருத்த 1969 வரைக்கும் ஆச்சு. 2016ல போப் பிரான்சிஸ் அவங்க நினைவு நாளை அப்போஸ்தலர்களுக்கு சமமா திருவிழாவாக்கினார். செய்யாத பாவத்தை ஒரு பொம்பளை தலையில கட்டி, அவங்க பேரையே அந்த லாண்ட்ரிக்கும் வச்சு, அங்கயும் செய்யாத பாவத்துக்கு மனஸ்தாபம்.

இதுல எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னா, எங்க சித்தி. அம்மாவோட தங்கச்சி. இதை இதுவரைக்கும் எங்கயும் எழுதினதில்ல. பத்தொன்பது வயசுல எதிர்வீட்டுப் பையனோட பேசினாங்க, பேசினாங்க அவ்வளவு தான். "கொஞ்ச நாள் இருந்து திருந்தட்டும்"னு தாத்தா வேற ஊர்ல ஒரு இல்லத்துல கொண்டு விட்டார். மூணு வருஷம். அந்தப் பையன் அடுத்த தை மாசமே கல்யாணம் பண்ணி அதே எதிர்வீட்டுல இருந்தான், அவனை யாரும் எங்கயும் திருத்த அனுப்பல. அயர்லாந்துலயும் பத்து லாண்ட்ரியில ஆம்பளைக்குன்னு ஒன்னு கூட இல்ல. சித்தி திரும்பி வந்தாங்க, தையல் நல்லாக் கத்துக்கிட்டு வந்தாங்க, பேச்சை அங்கயே விட்டுட்டு வந்துட்டாங்க. ஆச்சி சாகற வரைக்கும் அவங்களுக்குச் சித்தி "கெட்டுப்போனவ" தான். சித்தி சேலை மடிக்கும்போது தாடையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, ஓரத்தை விரலால தடவித் தடவிப் பார்ப்பாங்க. டப்ளின்ல அந்தம்மா நகத்தால கோடு இழுத்தப்போ எனக்குக் கை நடுங்குச்சு.

அதனால அண்ணே, படத்தை எடுங்கன்னு நான் சொல்லல, படம் இருக்கட்டும், நாலு பேர் பார்க்கட்டும். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துருங்க. அழிச்ச கமெண்டைத் திரும்பப் போட்டிருக்கேன். மறுபடி அழிச்சா மறுபடி போடுவேன்.